பேய்க்கு நரகத்தில் இடமில்லை

பேய் எங்கே குடியிருக்கிறது என்று புதுக்கோட்டைச் சீமையின் எந்தக் கிராமத்தில் கேட்டாலும், கேட்ட மாத்திரத்தில் தயக்கமின்றி விடை கிடைக்கும். ஊருக்கு மேற்கே நிற்கும் புளியமரம், எவளோ ஒருத்தி விழுந்து மாண்ட பாழுங்கிணறு, சுடுகாட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, உச்சி வேளையில் ஆள் நடமாட்டம் அற்றுப்போகும் கண்மாய்க் கரை என்று, கர்ணம் தம் கணக்கேட்டைப் பார்த்துப் புல எண் சொல்வதுபோல, இடம் சுட்டிச் சொல்லிவிடுவார்கள். நரகம் எங்கே இருக்கிறது என்று அடுத்தபடியாகக் கேட்டால், அது எமலோகத்தில் இருக்கிறது, அங்கே எண்ணெய்க் கொப்பரை இருக்கிறது, முள் மரம் இருக்கிறது, கிங்கரர்கள் இருக்கிறார்கள் என்று அதற்கும் விடை வரும். ஆனால் இவ்விரண்டு விடைகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு விசித்திரம் புலனாகும். நம்முடைய பேய்களில் ஒன்றேனும் நரகத்தில் வசிப்பதாக யாரும் சொல்வதில்லை. நரகத்தில் உத்தியோகம் பார்ப்பவர்களில் ஒருவரையேனும் பேய் என்று யாரும் அழைப்பதில்லை. மேல்நாட்டுச் சித்திரங்களில் சாத்தானும் அவன் பரிவாரங்களும் நரகாக்கினியோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருக்க, நம்மிடத்தில் மட்டும் பேய் ஒரு பக்கமாகவும் நரகம் மற்றொரு பக்கமாகவும் விலகி நிற்பதற்குக் காரணம் என்ன? ஆதியிலிருந்தே அவை இப்படித்தான் விலகி நின்றனவா, அல்லது ஒன்றாக இருந்து பிறகு பிரிந்தனவா?

இந்தக் கேள்விக்கு விடை தேடுகிறவன் முதலில் புராணங்களைத் திறப்பது வழக்கம். என் அபிப்பிராயத்தில் அது பிற்பட்ட இடத்திலிருந்து புறப்படுவதாகும். பாரத தேசத்தில் நமக்குக் கிடைத்துள்ள மாந்திரிக நூல்களுள் மிகப் பழையது அதர்வ வேதம். 20 காண்டங்களும் ஏறக்குறைய 730 சூக்தங்களும் கொண்ட அந்த நூல், யாகசாலையின் பெருந்தெய்வங்களைக் காட்டிலும் வீட்டு மூலையின் சிறு பயங்களையே அதிகமாக அறிந்தது. ஜுரம், இருமல், வயிற்றிற் புழு, கருச்சிதைவு, கெட்ட கனா, சூதில் தோல்வி, சக்களத்தியின் பொறாமை ஆகிய இவையெல்லாம் அதன் விஷயங்கள். ராட்சசர், பிசாசர், யாதுதானர், கிமீதினர், கந்தர்வர் என்று அது பெயர் சொல்லி விரட்டும் கூட்டம் பெரியது. கருவுற்ற பெண்ணைக் காப்பதற்காக எட்டாம் காண்டத்தில் அமைந்துள்ள ஒரு சூக்தத்தில், இரண்டு வாயும் நான்கு கண்ணும் ஐந்து காலும் உடையவை, விரல்களே இல்லாதவை, அந்தி வேளையில் கழுதைபோல் கத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி ஆடுகிறவை என்று இவற்றின் உருவங்கள் வரிசையாக வருவதைப் படிக்கும்போது, பயந்த மனம் கண்ட காட்சியைப் பயப்படாத ஒருவர் உடனிருந்து நிதானமாகக் குறித்துக்கொண்டார் என்றே தோன்றுகிறது. பெயரும் உருவமும் தெரிந்துவிட்டால் பாதி வெற்றி என்பது மந்திரவாதியின் சித்தாந்தம்.

அதனால்தான் முதற் காண்டத்திலேயே அக்கினி தேவனிடம் ஒரு விநோதமான பிரார்த்தனை வைக்கப்படுகிறது. யாதுதானன் என்னும் சூனியக்காரனைக் கொன்றுவிடு என்று மட்டும் ரிஷி கேட்கவில்லை. அவன் தானாக முன்வந்து தன்னை இன்னான் என்று வாய்விட்டுச் சொல்லும்படி செய் என்று கேட்கிறார். நம் பக்கத்துக் கோடாங்கி உடுக்கையை அடித்துக்கொண்டு, வேப்பிலையும் விபூதியுமாக உட்கார்ந்து, நீ யார், எந்த ஊர், எப்படிச் செத்தாய், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் கேள்விகளும் இதே நோக்கம் உடையவைதாம். வேத ரிஷிக்கும் கோடாங்கிக்கும் நேர்வழிச் சம்பிரதாயத் தொடர்பு உண்டு என்று நான் சாதிக்கப் போவதில்லை. பயம் ஒன்றாக இருந்தால் உபாயமும் ஒன்றாக இருக்கும் என்பதே போதும்.

விரட்டப்பட்டவை எங்கே போயின? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. ஐந்தாம் காண்டத்தில் ஜுரத்தை நோக்கிச் சொல்லப்பட்ட சூக்தம் ஒன்று, அதனைக் காந்தாரத்துக்கும் மூஜவான் மலை நாட்டாருக்கும் அங்கத்துக்கும் மகதத்துக்கும் போய்விடும்படி வேண்டுகிறது. அதாவது, அந்த ரிஷியின் ஊருக்கு மேற்கிலும் கிழக்கிலும் இருந்த அந்நியர்களிடம் அனுப்பி வைக்கிறது. அண்டை வீட்டில் கொட்டிவிட்டால் நம் முற்றம் சுத்தமாகிவிடும் என்னும் இந்த எண்ணம் புராதனமானது. அதைப் பார்த்துச் சிரிக்கும் அருகதை நமக்கும் இல்லை. குளமங்கலத்து ஐயனார் கோயிலின் பிரம்மாண்டமான குதிரையின் அளவைப் பார்க்கிறவர்கள், அது மாசி மகத்தன்று காகித மாலைகளைச் சுமப்பதற்காக மாத்திரம் எழுப்பப்பட்டதன்று, இரவில் ஊர் எல்லையைச் சுற்றி வந்து தீயவற்றைத் துரத்துகிற தெய்வத்தின் வாகனம் அது, என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எல்லைக்கு வெளியே துரத்தினால் அவை எங்கே போகும்? அடுத்த ஊருக்குத்தான். அடுத்த ஊரிலும் ஓர் ஐயனார் இருக்கிறார் என்பது வேறு விஷயம்.

ஆயினும் மகதத்துக்கு அனுப்புவதோடு அதர்வ ரிஷிகள் திருப்தியடைந்துவிடவில்லை. இரண்டாம் காண்டத்தில் மற்றோர் ஏற்பாடு காணப்படுகிறது. கீழே ஒரு வீடு இருக்கிறது, தரித்திரத்தையும் நோயையும் தரும் பெண் பூதங்களும் யாதுதானிகளும் அங்கே போய்க் குடியேறட்டும் என்று ஒரு மந்திரம் சொல்கிறது. ரிக் வேதத்தின் ஏழாவது மண்டலத்தின் கடைசிச் சூக்தமும் இந்த மனப்பான்மையில் எழுந்ததே. இந்திரனையும் சோமனையும் நோக்கி, தீயோரைப் பிடிப்பதற்கு எதுவுமில்லாத இருளுக்குள், திரும்பி ஏற வழியில்லாத குழிக்குள், தள்ளிவிடும்படி அது வேண்டுகிறது. நரகம் என்று பின்னால் பெயர் பெற்ற இடத்துக்கு அஸ்திவாரம் தோண்டப்பட்டது இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். அந்தக் குழி முதலில் மனிதர்களுக்காகத் தோண்டப்படவில்லை. நோய்க்கும் பூதத்துக்கும் சூனியக்காரனுக்கும் தோண்டப்பட்டது. மேலும் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அந்த ரிக் சூக்தத்தின் நடுவில் ரிஷி, நான் யாதுதானனாக இருந்தால் இன்றே சாகிறேன் என்று சபதம் செய்கிறார். ஆக, யாரோ அவரையே சூனியக்காரர் என்று பழித்திருக்கிறார்கள். ராட்சசன் என்ற சொல்லுக்கும் எனக்குப் பிடிக்காத மனிதன் என்ற பொருளுக்கும் இடையே இருந்த தூரம் அன்றைக்கே மிகக் குறைவாகத்தான் இருந்தது. அந்தத் தூரம் குறையக் குறைய, பூதங்களுக்காகத் தோண்டிய குழியில் மனிதர்கள் விழுவதும் எளிதாயிற்று.

முதலில் விழுந்தவர்கள் யார் என்பதையும் அதே அதர்வ வேதம் ஒளிக்காமல் சொல்கிறது. கொலைகாரனா? பொய்யனா? பிறன்மனை நயந்தவனா? இல்லை. பிராமணன்மேல் எச்சில் உமிழ்ந்தவன், இரத்த ஆற்றின் நடுவில் உட்கார்ந்து மயிரைத் தின்றுகொண்டிருப்பான் என்கிறது ஐந்தாம் காண்டம். நரக லோகம் என்ற தொடர் வெளிப்படையாக வரும் பன்னிரண்டாம் காண்டத்துச் சூக்தமோ, கேட்டு வந்த பிராமணனுக்குப் பசுவைக் கொடுக்க மறுத்தவனுக்கு அந்த லோகத்தை ஒதுக்குகிறது. அதே மந்திரத்தின் முற்பகுதியில், பசுவைக் கொடுத்தவனுக்கு யமனுடைய ராஜ்யத்தில் அந்தப் பசு சகல விருப்பங்களையும் கறந்து தரும் என்று சொல்லியிருப்பதையும் பார்க்க வேண்டும். அக்காலத்து யமன் பயங்கரமானவன் அல்லன். இறந்தோருக்கு முதல் வழி கண்டவன். பித்ருக்கள் களித்திருக்கும் உயர்ந்த உலகத்துக்கு அரசன். நரகம் அவனுடைய ஆட்சிக்கு உட்பட்டதாகவே அங்கே தோன்றவில்லை. எருமை வாகனமும் பாசக்கயிறும் சித்திரகுப்தனின் ஏடும் எல்லாம் பிற்காலத்து அலங்காரங்கள்.

வைதிக மரபைப் போற்றுகிறவர்களுக்கு நான் இப்படிச் சொல்வது கசக்கலாம். ஆனாலும் உண்மை இதுதான்: நரகத்தின் முதற் குற்றப்பத்திரிகை தர்மத்தின் கையால் எழுதப்பட்டதன்று, அவமதிக்கப்பட்ட புரோகிதரின் கோபத்தால் எழுதப்பட்டது. அது ஒரு சாபம். சாபமும் மந்திரத்தின் ஒரு வகைதானே. அந்தச் சாபத்தை நீதியாக மாற்றியது பின்வந்தவர்களின் பெரும் சாதனை. சதபத பிராமணத்தில் வருணனுடைய குமாரர் பிருகு, தகப்பனைவிடத் தாமே அறிவாளி என்று கர்வம் கொண்டிருந்தபோது, தகப்பன் அவரைத் திசைதோறும் அனுப்பி வைக்கிறார். அங்கே மனிதர்களை மனிதர்கள் துண்டு துண்டாக வெட்டிப் பங்கு போட்டுக்கொள்வதைப் பிருகு காண்கிறார். ஏன் என்று கேட்டால், அந்த உலகத்தில் இவர்கள் எங்களுக்கு இப்படிச் செய்தார்கள், இங்கே நாங்கள் இவர்களுக்குத் திருப்பிச் செய்கிறோம் என்று விடை வருகிறது. வெட்டுண்ட மரமும் கொலையுண்ட பிராணியும் இங்கே வாதிகளாக நிற்கின்றன. பிராயச்சித்தம் வேள்விதான் என்று கதை முடிந்தாலும், செய்தது செய்தவனிடமே திரும்பும் என்ற பேருண்மை அதற்குள் நுழைந்துவிட்டது. பிறகு மனு ஸ்மிருதி 21 நரகங்களையும், பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தம் 28 நரகங்களையும் எண்ணிப் பெயரிட்டன. கும்பீபாகம், அசிபத்திரவனம், ரௌரவம் முதலிய பெயர்களில் காட்டப்பெறும் கற்பனை வளத்தில் பாதியைச் சொர்க்கத்தை வருணிப்பதில் எவரும் செலவிட்டதில்லை. அதை இங்கே விரிக்க எனக்கு விருப்பமில்லை.

நான் சொல்ல வந்தது, இந்த விஸ்தாரத்தின் நடுவே பூதங்கள் சத்தமில்லாமல் இடம் பெயர்ந்துவிட்டன என்பதைத்தான். நரகம் முழுவதையும் மனிதன் ஆக்கிரமித்துக்கொண்டான். அசுரர்களுக்குப் பாதாள லோகங்கள் கிடைத்தன, அவை நரகமல்ல. நாரதர் பாதாளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி, சுவர்க்கத்தைவிட அது அழகியது என்று தேவர்களிடமே சொன்னதாக விஷ்ணு புராணம் கூறுகிறது. நரகங்களை அதற்கும் கீழே, தனியாக வைக்கிறது. திருமயத்தில் சத்தியமூர்த்திப் பெருமாள் குடைவரையில், அனந்த சயனத்தின் பின்சுவரில், மது கைடபர் என்னும் அசுரர்கள் ஆதிசேஷனின் சீற்றத்துக்கு அஞ்சி ஓடுவதைச் சிற்பி காட்டியிருக்கிறான். ஓடுகிற அந்த இருவருடைய முகத்தில் கோரம் அதிகம் இல்லை, பயமே தெரிகிறது. அவர்கள் பெருமாளோடு மோத வந்த எதிரிகள். நரகத்தின் சேவகர்கள் அல்லர்.

பிற தேசங்களில் நிலைமை வேறு. பாபிலோனியரின் பாதாளத்தில் நல்லவன், தீயவன் என்ற வேற்றுமையின்றி இறந்தோர் எல்லோரும் இறகு போர்த்து மண்ணைத் தின்றார்கள். நோய் தரும் பூதங்களோ அந்தப் பாதாளத்திலிருந்து மேலே ஏறி வந்தன. ஈரானில் தேவர் என்ற சொல்லே தீய சக்திகளுக்குப் பெயராயிற்று. அவற்றுக்கு எதிரான சட்டம் என்ற பொருளிலேயே வெண்டிதாத் என்னும் ஜொராஸ்திரிய நூலுக்குப் பெயர் அமைந்தது. பொய்யின் வீடும் பூதங்களின் வீடும் அங்கே ஒன்றாயின. யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய மரபுகளின் நரகத்தில் இந்த இணைப்பின் சாயல் உண்டு என்பது அறிஞர் பலருடைய கருத்து.

தமிழ்நாட்டுக்கு வருவோம். சங்க நூல்களில் பேய் உண்டு. போர்க்களத்தில் பிணம் தின்னும், கூத்தாடும். திருமுருகாற்றுப்படை காட்டும் பேய்மகளை ஒரு முறை படித்தவர் மறக்கமாட்டார். ஆனால் அது யாரையும் தண்டிப்பதில்லை. பிற்காலத்தில் கலிங்கத்துப்பரணி பாடிய ஜெயங்கொண்டார், காளியின் கோயிலைச் சூழ்ந்து பசியால் வாடும் பேய்களை வைத்துப் பரிகாசமும் பரிதாபமும் கலந்த ஒரு சமுதாயத்தையே படைத்துவிட்டார். போர் முடிந்து அவை கூழ் காய்ச்சும்போது நாமும் ஆறுதல் அடைகிறோம். தமிழ்ப் பேயின் பிரதான குணம் பசி, தீமையன்று.

நரகமோ நம் நாட்டுக்குச் சமண பௌத்தத் துறவிகளோடு நடந்து வந்ததென்று கொள்ள இடமுண்டு. புறநானூற்றில் நரிவெரூஉத்தலையார் சேர மன்னனுக்குச் சொல்லும் அறிவுரையில், அருளும் அன்பும் நீக்கி நிரயத்தைத் தமதாக்கிக் கொள்வோரோடு சேராதே என்கிறார். அருளின்மைக்கு நிரயம் பலன் என்னும் இந்தக் குரல் பசு கேட்ட புரோகிதரின் குரலன்று. அந்தக் குரல் எங்கிருந்து வந்திருக்கக் கூடுமென்று எண்ணும்போது, சித்தன்னவாசல் குன்றின்மேல் ஏழடிப்பட்டத்தில் வழுவழுப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள் நினைவுக்கு வருகின்றன. அவற்றுள் ஒன்றன் அருகே தமிழ்ப் பிராமி எழுத்தில் எருமைநாட்டுக் குமுழூரிற் பிறந்த ஒருவரைக் குறிக்கும் கல்வெட்டு, கிறிஸ்து சகாப்தத்துக்கு முற்பட்டது என்று அறிஞர் கருதுவது, இன்றும் இருக்கிறது. அந்தப் படுக்கைகளில் வெயிலும் காற்றும் தாங்கிக் கிடந்த சமணத் துறவிகளின் நரகம் எப்படிப்பட்டது?

உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் அதை விவரிக்கிறது. இரத்தினப்பிரபை முதல் மகாதமப்பிரபை வரை, ஒன்றன் கீழ் ஒன்றாக ஏழு நிலங்கள். அவற்றில் சமண மரபு எண்ணும் நரக உறைவிடங்கள் 84 லட்சம். கீழே போகப்போக இருளும் வேதனையும் ஆயுளும் மிகும். ஆனால் அங்கே நீதிபதி இல்லை, தீர்ப்பு இல்லை, கடவுளின் கோபம் இல்லை. கனமான கல் நீரில் ஆழ்வதுபோல், வினையின் பாரத்தால் ஜீவன் தானே ஆழ்கிறது. துன்பத்தைத் தருபவர்களும் பெரும்பாலும் உடன் கிடக்கும் நாரகிகளே, ஒருவரையொருவர் வதைத்துக்கொள்கிறார்கள். மேல் மூன்று நிலங்களில் மட்டும் அசுரர்கள் வந்து வதைப்பது உண்டு என்று சூத்திரம் கூறுவது, பழைய மந்திரவாதியின் உலகத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த மிச்சம் என்றே எனக்குப் படுகிறது. மூன்றாவது நிலத்துக்குக் கீழே அசுரனுக்கும் வேலையில்லை. இதைவிட முக்கியம், அந்த நரகம் எவருக்கும் நிரந்தரமன்று என்பது. மகாவீரரின் அணுக்க அடியவனாயிருந்த மகத மன்னன் சிரேணிகன் இப்போது முதல் நரகத்தில் இருக்கிறான். வரப்போகும் யுகத்தின் முதல் தீர்த்தங்கரனும் அவனே என்பது சமணர் நம்பிக்கை. நாளைய அருகனை இன்றைய நரகத்தில் வைத்துப் பார்க்கத் துணிந்த இந்தச் சமயத்தின் தைரியத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்த சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தில் இன்று எஞ்சியுள்ள ஓவியம், பவ்வியர்கள், அதாவது முக்திக்குத் தகுதியுடைய உயிர்கள், தாமரை பறிக்கும் பொய்கை. மீனும் அன்னமும் யானையும் எருமையும் அங்கே இருக்கின்றன. எஞ்சிய பகுதியில் நரகக் காட்சி ஒன்றும் இல்லை. ஏழு நரகங்களையும் கணக்கிட்டு அறிந்த சமயத்தார், தலைக்குமேல் பார்க்க வேண்டியது எது என்பதைத் தீர்மானித்தபோது பொய்கையைத் தேர்ந்தார்கள்.

பேயையும் அவர்கள் விரட்டவில்லை, வாதத்துக்கு அழைத்தார்கள். நீலகேசி என்னும் சமணக் காப்பியத்தின் தலைவி பழையனூர் நீலி. உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரர் என்ற முனிவரை அச்சுறுத்த வந்த இந்தப் பேய், அவர் அசையாதிருப்பதைக் கண்டு அடங்கி, அவரிடமே தத்துவம் கற்று, பௌத்தர், ஆஜீவகர், வைதிகர் முதலிய பல சமயத்தாரையும் தர்க்கத்தில் வெல்லப் புறப்படுகிறது. 1936-இல் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்த அந்த நூலைப் படிக்கிறவர்கள், கோரைப்பல் படைத்த ஒரு பெண் பேய் பிரமாண சாஸ்திரம் பேசுவதில் உள்ள வேடிக்கையை விட்டுவிடக் கூடாது. அதே பழையனூரை அடுத்ததுதான் திருவாலங்காடு. காரைக்காலம்மையார் தாமே வேண்டிப் பேயுருப் பெற்று, இறைவனுடைய ஆடலைக் கண்டிருந்த தலம் அது. ஒரே சுடுகாட்டின் பேயைச் சமணர் தர்க்கவாதியாக்கினர், சைவர் அடியவராக்கினர். இரு தரப்பாரும் அதை நரகத்துக்கு அனுப்ப நினைக்கவில்லை. சமணத்தில் தருமசேனராயிருந்து ஏழு நரகங்களையும் கற்றறிந்திருக்க வேண்டிய திருநாவுக்கரசர், சைவத்துக்குத் திரும்பியபின் நமனுக்கும் அஞ்சேன், நரகத்திலும் இடர்ப்படேன் என்ற கருத்தைப் பாடியபோது, அது வெறும் வீரவசனமன்று. ஒரு சாஸ்திரத்தை நன்கு படித்துவிட்டு விலகியவரின் வாக்கு.

பத்தாம் நூற்றாண்டில் கொடும்பாளூரில் இருக்குவேள் பூதி விக்கிரமகேசரி மூன்று தளிகளை எழுப்பி, மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகத் துறவிக்குப் பெரிய மடம் ஒன்றையும், 50 துறவிகள் உண்பதற்காக 11 ஊர்களையும் அளித்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு தெரிவிக்கிறது. சாம்பல் பூசி, கபாலத்தில் உண்பவர்கள் என்று எதிர்த் தரப்பாரால் வருணிக்கப்பட்ட மரபு அது. சுடலையைத் தவச்சாலையாகக் கொண்ட தெய்வத்தின் அடியார்களுக்குப் பேய் பகையாக இருப்பது எப்படி? பூத கணம் என்பது அவர்களுக்குச் சுற்றம்.

இவ்வளவும் சாஸ்திரத்திலும் காவியத்திலும் நடந்தவை. ஆனால் பேயும் நரகமும் நம் நாட்டில் ஒட்டாமற் போனதற்கு உண்மையான காரணம் கோடாங்கியின் முற்றத்தில்தான் இருக்கிறது. உடுக்கையடியில் பேய் வாய் திறந்து சொல்லும் பெயர் பெரும்பாலும் தெரிந்த பெயர். பிள்ளைப்பேற்றில் இறந்தவள், நாண்டுகொண்டவள், கலியாணம் ஆகாமல் விஷக்காய்ச்சலில் போனவள், வெட்டுப்பட்டு விழுந்தவன். விதித்த ஆயுள் முடியுமுன் போனவர்கள், மிச்ச ஆயுள் தீருமட்டும் இங்கேயே அலைகிறார்கள் என்பது கிராமத்தாரின் கணக்கு. அவர்கள் கேட்பதும் பெரிதல்ல: ஒரு கோழி, கொஞ்சம் சாராயம், ஒரு புடவை, சில வேளை ஒரு பிடி பொரி. கொடுத்து, சத்தியம் வாங்கி, உச்சிமயிரைப் பிடுங்கிப் புளியமரத்தில் ஆணி அடித்துக் கட்டிவிடுகிறார்கள். அதர்வ ரிஷி கீழ்வீட்டுக்கு அனுப்பினார். கோடாங்கி மரத்தோடு நிறுத்திக்கொள்கிறார். ரிஷிக்கு அது அந்நியம். கோடாங்கிக்கு அது யாரோ ஒரு வீட்டுப் பெண். கன்னியாக இறந்தவளுக்குச் சில குடும்பங்களில் ஆண்டுதோறும் புதுப்புடவை வைத்துப் படைத்து, வீட்டுச்சாமி என்று கும்பிடுகிறார்கள். அவளைக் கும்பீபாகத்தில் வேகவைக்க எந்தத் தாய் சம்மதிப்பாள்?